எண்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில்

நான்காம் எண் உறைபெட்டி
ஒரு நாளில் தின்னும் மின்சாரம்
ஓல்ஷ்டின் நகரில் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று
ரெமிகியுஷ் சொன்னபோது
ஆய்வகத்தில் யாரும் நிமிரவில்லை.
குடும்பமென்றால் குளிப்பார்கள், சமைப்பார்கள்,
விளக்கைப் போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பார்கள்.
இது சும்மா நின்று உறுமுகிறது.

பல்கலைக்கழகத்தின் பசுமை அலுவலகத்திலிருந்து வந்தவன் அவன்.
அலுவலகம் என்றால்
மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை.
கையில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு மீட்டர்.
"மைனஸ் எண்பது எதற்கு? எழுபது போதும்.
எரிவது நிலக்கரி அல்லவா.
பத்தே பத்து டிகிரி" என்றான்,
சந்தையில் பேரம் பேசுகிறவனைப் போல.

"அரை டிகிரி தரமாட்டேன்" என்றார் போகுமிவா.

உள்ளே இருப்பவை அவருடைய ஏரிகள்.
முப்பத்தோரு ஏரிகளின் அடிச்சேறு,
சுண்டுவிரல் பருமனில் குழாய் குழாயாக.
அந்தச் சேற்றில் குளிர்காலம் ஒவ்வொன்றும்
மயிரிழைக் கறுப்புக் கோடு.
மேலே பனிக்கட்டி மூடி
நீர் அசையாமல் கிடந்த மாதங்களில்
ஆக மெல்லிய தூசு மட்டும்
இறங்கி, இறங்கிப் படிந்தது.
கோட்டுக்குக் கோடு சுரண்டி எடுத்துச்
சேமித்திருக்கிறார்.
கோடு தடித்தால் கடுங்குளிர்.
கோடு தேய்ந்தால்
அந்த வாக்கியத்தை மாணவர்களிடம்
எப்போதும் அங்கேயே நிறுத்திவிடுவார்.

முதலில் உள்ளே இருப்பதை எண்ணுங்கள் என்றார் துறைத்தலைவர்,
இரண்டு பக்கமும் தலையாட்டியபடி.
எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டு அடுக்குக் கையுறை, ஒரு மரக்கரண்டி.
உறைபனியைச் சுரண்டச் சுரண்டப்
பெயர்கள் வெளியே வந்தன.
ஓய்வுபெற்றுப் போனவர்.
நார்வேக்குப் போய்க் கடிதம் போடாதவர்.
முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டு
ரொட்டிக்கடை வைத்தவள், நல்ல ரொட்டி.
எல்லாருக்கும் இங்கே இன்னும் ஒரு தட்டு இருந்தது.
எழுத்து அழிந்த குழாய்கள் நானூற்று ஒன்பது.
மூன்றாம் தட்டின் பின்புறம்
யாரோ ஒளித்த வோட்கா,
அதுவே கல்லாகிக் கிடந்தது.

வெளியே பிப்ரவரி.
ஏரி உறையவில்லை.
பனியில் துளையிடும் கருவிகளோடு தூண்டில்காரர்கள்
கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள்,
திறக்காத கடைமுன் நிற்பதுபோல.

வியாழன் மாலை ஐந்தாம் தட்டுக்கு வந்தேன்.
போகுமிவாவின் கையெழுத்து, இளமையில் எழுதியது,
சாய்வு அதிகம்.
அவர் வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.
"அதை எண்ண வேண்டாம்" என்றார்.

பதினாறு வருடங்களுக்கு முன்
ஈஸ்டர் விடுமுறையில் மூன்று நாள் மின்தடை.
திரும்பி வந்து திறந்தபோது
தட்டு முழுக்கத் தண்ணீர்.
துடைத்தார். குழாய்களைத் திரும்ப அடுக்கினார்.
மறுபடி உறைந்தது எல்லாம்,
பார்வைக்கு முன்போலவே.
யாரிடமும் சொல்லவில்லை.
அதிலிருந்து ஒரு வரிகூட எழுதவுமில்லை.
"கூமுட்டை என்று தெரியும்.
தெரிந்தேதான் அடைகாத்தேன்.
எழுந்துபோக ஒரு நாள் வேண்டியிருந்தது,
அந்த நாள் வரவில்லை."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கரண்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

படிவத்தில் ஒரு பத்தி: அகற்றும் காரணம்.
மற்றவர்களின் குழாய்களுக்கு நான்
'உரிமையாளர் இல்லை' என்று எழுதியிருந்தேன்.
அவர் பேனாவை வாங்கி
இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகளிலும்
தன் கையால் எழுதினார்:
உருகியது. உருகியது. உருகியது.
மேற்படி என்று போட்டிருக்கலாம். போடவில்லை.

வெள்ளியன்று ரெமிகியுஷ் எண்ணை மாற்றினான்.
பாப்பி விதை கேக் கொண்டுவந்திருந்தான்,
பாதி தான் தின்றுவிட்டு.
எழுபத்தொன்பது.
வெகுநேரம் கழித்து எழுபத்தெட்டு.
பத்து மணிக்கு எழுபதைத் தொட்டபோது
அவனும் கைதட்டவில்லை.

அப்போதுதான் மோட்டார்
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
சற்று நின்றது.
ஒரு நிமிடம் இருக்கும்.
மூன்று பேரும் அசையாமல் கேட்டோம்,
ஜன்னலுக்கு வெளியே, இருட்டில்,
ஏரி கரையில் மோதும் சத்தம்.
இந்த மாதத்தில் அது கேட்கக் கூடாது.